இடுதலும் ஒப்பிடுதலும்

பண்டை நாளில் நம் முன்னோர் பனையோலையில் எழுதினர். எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப் போகும் என்று அஞ்சிப் பெரும்பாலும் புள்ளி இடாமலே எழுதிச் சென்றனர். அக்கால வழக்கின்படி எகரக் குறிலுக்குப் புள்ளி உண்டு; ஏகார நெடிலுக்குப் புள்ளி இல்லை. ஓலையிற் புள்ளி விடுபட்டமையால் குறிலும் நெடிலும் ஒரே வடிவு பெற்றன. ‘எரி’ என்றால் நெருப்பு. ‘ஏரி’ என்றால் நீர்நிலை. இவ்விரண்டும் ஏட்டில் ஒன்றுபோலவே தோன்றும். நெருப்போ, நீரோ என்று இடம் நோக்கித் துணிதல் படிப்பவர் கடமையாயிற்று. கற்றுத் தேர்ந்தவர் துணிந்தனர், மற்றவர் மயங்கினர். இம்மயக்கம் தீர, நெடிலுக்குத் தனி வடிவு வகுத்தவர் வீரமாமுனிவர் என்பர். ஒரு வடிவுக்கு இரு தொழில் இருந்தால் இடர் உண்டு என்பதையும், ஒரு சிறு குறி அவ்விடரை நீக்கும் என்பதையும் இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

இதே இடர் இக்காலத்தில் கணிப்பொறிக்கு எழுதும் மொழிகளிலும் தோன்றியுள்ளது. அங்கே மயக்கம் விளைப்பது சமக்குறி. பள்ளியிற் கணக்குப் பாடத்தில் நாள்தோறும் நாம் எழுதும் அந்த இரு சிறு கோடுகளே இரண்டு தொழில்களை மேற்கொண்டு, கற்றவரையும் சிற்சில வேளைகளில் தடுமாறச் செய்கின்றன. யான் தமிழாசிரியனாய் இருந்து ஓய்வு பெற்றவன். கணிப்பொறித் துறையில் பணிபுரியும் என் மகள் ஒருநாள் இச்செய்தியை எனக்கு விளக்கினாள். “அப்பா, இது கணக்கு அன்று, இலக்கணம்” என்றாள். அவள் கூற்று முற்றும் உண்மை என்பதைப் பின்னர் உணர்ந்தேன். அதனையே ஈண்டு எழுதுகின்றேன்.

முதலில் சமக்குறியின் பிறப்பைக் காண்போம். இங்கிலாந்தில் வாழ்ந்த இராபர்ட்டு ரெக்கார்டு என்பவர் வேல்சு நாட்டிற் பிறந்தவர். மருத்துவமும் கணிதமும் வல்லவர். அவர் 1557ஆம் ஆண்டில் வெளியிட்ட கணித நூலொன்றில் சமக்குறி முதன்முதலாக அச்சேறிற்று. ‘இது அதற்குச் சமம்’ என்று பன்முறை எழுதுவது அவருக்குச் சலிப்பைத் தந்தது. ஆதலால் ஒரே நீளமுள்ள இரு இணைகோடுகளை அத்தொடருக்கு ஈடாக இட்டார். அவ்விரு கோடுகளைவிட ஒன்றற்கொன்று சமமானவை வேறு இல்லை என்பது அவர் கூறிய காரணம். எத்துணை எளிய காரணம்! எத்துணைத் தெளிவு! இவ்வாறு பிறந்த குறிக்கு அந்நாளில் ஒரே தொழில் இருந்தது. இடப்புறம் இருப்பதும் வலப்புறம் இருப்பதும் ஒன்றே என்று கூறுவதே அத்தொழில்.

கணிப்பொறி வந்தபின் புதியதொரு தேவை எழுந்தது. கணிப்பொறியின் நினைவகத்தில் மதிப்புகளை வைத்திருத்தற்குப் பெயரிட்ட இடங்கள் உண்டு. அவற்றை ‘மாறிகள்’ என்பர். மாறி என்பது ஒரு கலம் போன்றது. கலத்தில் நெல்லை இடுவதுபோல் மாறியில் ஒரு மதிப்பை இடுதல் வேண்டும். இதனை ‘மதிப்பிருத்தல்’ என்று கூறுவர். மற்றொரு தேவையும் உண்டு. இரண்டு மதிப்புகள் சமமா, அல்லவா என்று ஆராய்தல் வேண்டும். இது துலாக்கோலின் இரு தட்டிலும் பொருளை வைத்து நிறுத்துப் பார்ப்பது போன்றது. இதனை ‘ஒப்பிடுதல்’ என்பர்.

இவ்விரு செயல்களும் தம்முள் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை நன்கு மனத்திற் கொள்க. நெல் இட்டால் கலத்தின் நிலை மாறும். இங்கு ஒரு வேற்றுமையும் உண்டு. மாறியாகிய கலத்தில் புதியது புகுந்ததும் பழையது அழிந்துபடும். ஆனால் துலாக்கோலில் நிறுத்துப் பார்ப்பதனால் பொருளில் எம்மாற்றமும் நேர்வதில்லை. ‘ஆம்’ அல்லது ‘அன்று’ என்ற விடை மட்டுமே கிடைக்கும். மேலும், துலாக்கோலில் இடத்தட்டுப் பொருளை வலத்தட்டிலும், வலத்தட்டுப் பொருளை இடத்தட்டிலும் மாற்றி வைத்தாலும் விடை மாறாது. கலத்தில் இடுதலோ திசையுடையது. அரிசியைப் பானையில் இடலாம். பானையை அரிசியில் இடல் இயலுமோ?

இலக்கணம் கற்கும் மாணவர்களுக்கு இவ்வேறுபாடு மிக எளிதில் விளங்கும். ‘நீ வா’ என்பது ஏவல்; ‘நீ வந்தாயா?’ என்பது வினா. மதிப்பிருத்தல் ஏவல் போன்றது. ஒப்பிடுதல் வினாப் போன்றது. தமிழில் வினாவைக் காட்டச் சொல்லின் ஈற்றில் ஆகாரம் நிற்கின்றது. அவ்வோர் எழுத்தால் ‘வந்தாய்’ என்னும் கூற்று ‘வந்தாயா’ என்னும் வினாவாகின்றது. பேசும்போது குரலின் ஏற்றத்தாழ்வும் துணை செய்யும். கணிப்பொறிக்குக் குரலும் இல்லை. குறிப்பறியும் அறிவும் இல்லை. ஆகவே ஏவலுக்கும் வினாவுக்கும் தனித்தனிக் குறி அமைத்தல் இன்றியமையாததாயிற்று.

ஆயினும் தொடக்கத்தில் அவ்வாறு அமையவில்லை. 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தில் சான் பேக்கசு என்பவர் தலைமையில் ‘ஃபோர்ட்ரான்’ என்னும் மொழி உருவாயிற்று. அம்மொழியில் மதிப்பிருத்தலுக்குச் சமக்குறியே எடுத்துக்கொள்ளப்பட்டது. இதன் விளைவாகக் கணித ஆசிரியர் எவரும் ஒப்பாத ஒரு தொடர் வழக்கிற்கு வந்தது:

எண் = எண் + 1

கணித முறைப்படி இது பொய். எந்த எண்ணும் தன்னைவிட ஒன்று கூடிய எண்ணுக்குச் சமமாதல் இல்லை. ஆனால் ஏவலாகக் கொண்டால் இது பொருளுடையதே. ‘எண்ணில் இப்பொழுது உள்ள மதிப்போடு ஒன்றைக் கூட்டி, அத்தொகையை மீண்டும் எண்ணிலேயே இடுக’ என்பது அதன் பொருள்.

1958ஆம் ஆண்டில் ஐரோப்பிய அறிஞரும் அமெரிக்க அறிஞரும் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரிற் கூடி ‘ஆல்கால்’ என்னும் மொழியை வகுத்தனர். அவர்கள் இவ்விடரை நீக்க வழி கண்டனர். சமக்குறிக்கு முன் ஒரு முக்காற்புள்ளியை இட்டு (:=) அதனை மதிப்பிருத்தலுக்கு உரிய குறியாக்கினர். தனிச் சமக்குறி (=) ஒப்பிடுதலுக்கே உரியதாக நின்றது. நம் எழுத்துக்குப் புள்ளி செய்த உதவியை அவர்கள் மொழிக்கு முக்காற்புள்ளி செய்தது. இம்மரபைச் சுவிட்சர்லாந்து அறிஞர் நிக்லாசு விர்த்து 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பாஸ்கல்’ மொழியும், அதன் வழிவந்த ‘அடா’ மொழியும் போற்றின.

மற்றொரு மரபும் கிளைத்தது. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் இயற்றிய ‘பி’ மொழியும், டென்னிசு ரிட்சி 1970களின் தொடக்கத்தில் இயற்றிய ‘சி’ மொழியும் ஒற்றைச் சமக்குறியை (=) மதிப்பிருத்தலுக்குக் கொண்டன; இரட்டைச் சமக்குறியை (==) ஒப்பிடுதலுக்குக் கொண்டன. எழுதுவோர் மிகுதியாக ஆளுவது மதிப்பிருத்தலே. ஆதலின் அதற்குச் சிறிய குறியே தகும் என்பது அவர் கருத்து. சிக்கனம் நன்றே. ஆனால் அச்சிக்கனத்தில் ஓர் இடரும் மறைந்திருந்தது. அம்மொழியில் வினா வரவேண்டிய இடத்தில் ஏவலும் வரலாம். கணிப்பொறி அதனைப் பிழையென்று தள்ளுவதில்லை. ஒரு கோடு குறைந்தால் வினா ஏவலாகிவிடும்.

இதனால் விளையும் தீமை எத்தகையது என்பதற்கு 2003ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நிகழ்ந்த நிகழ்ச்சியே சான்று. உலகெங்கும் கணிப்பொறிகளை இயக்கும் ‘லினக்சு’ என்னும் மென்பொருளின் மூல நிரல் ஓரிடத்தில் காக்கப்பட்டு வந்தது. அதன் படியொன்று வேறொரு கணிப்பொறியிலும் இருந்தது. அப்படியினுள் எவரோ இரண்டு வரிகளைக் கள்ளத்தனமாகச் செருகினர். அவ்வரிகள் பார்வைக்கு எளிய சோதனைபோல் தோன்றின. ‘பயனரின் எண் சுழியா?’ என்று வினவுவதுபோல் அவை அமைந்திருந்தன. ஆனால் அங்கே இரட்டைச் சமக்குறிக்குப் பதிலாக ஒற்றைச் சமக்குறியே நின்றது. ஆதலால் அது வினா அன்று. ‘பயனரின் எண்ணைச் சுழி ஆக்குக’ என்னும் ஏவல். அவ்வியக்க முறையில் சுழி என்பது யாவற்றையும் ஆளும் தலைமைப் பயனரின் எண். இவ்வரிகளை அறிந்த ஒருவன் அவ்வழியே கணிப்பொறி முழுவதையும் தன் ஆட்சிக்கு உட்படுத்திக்கொண்டிருக்க முடியும். நல்லூழாக, படி மூலத்தோடு ஒவ்வாமை கண்டு அவ்வரிகள் உடனே நீக்கப்பட்டன. மூல நிரலுக்கு ஊறு நேரவில்லை. ஏடு பெயர்த்தெழுதியோர் மூலத்தோடு ஒப்புநோக்கும் வழக்கம் எத்துணைப் பயனுடையது என்பது இதனாலும் விளங்கும். ஒரு கோட்டில் ஒளிந்திருந்தான் கள்வன்!

இனி, தரவுத்தளங்களின் மொழிக்கு வருவோம். வங்கிக் கணக்கு, தேர்வு மதிப்பெண், தொடர்வண்டி முன்பதிவு முதலியவற்றை அட்டவணைகளாகத் தொகுத்துக் காக்கும் அமைப்பே தரவுத்தளம். அதனோடு உரையாட ‘எஸ்க்யூஎல்’ என்னும் மொழி வழங்குகின்றது. ‘இன்னது வேண்டும்’ என்று அம்மொழியிற் கேட்கலாம். ‘முதலில் இதனைச் செய்க; பின் இதனை ஆராய்க; அவ்வாறாயின் இதனைச் செய்க’ என்று படிப்படியாகப் பணிக்க வேண்டின் செயல்முறை மொழி வேண்டும். ஆரக்கிள் தரவுத்தளத்திற்குப் ‘பிஎல்/எஸ்க்யூஎல்’ என்பதும், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திற்குப் ‘பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல்’ என்பதும் அத்தகைய மொழிகள்.

ஆரக்கிளின் மொழி அடா மொழியைப் பின்பற்றியது. ஆகவே அதில் முக்காற்புள்ளியோடு கூடிய குறி ஏவலுக்கும், தனிச் சமக்குறி வினாவுக்கும் உரியன. உண்மை நிரலில் ஆங்கிலச் சொற்களே வரும். ஈண்டுத் தமிழில் எழுதிக் காட்டுவோம்.

இருப்பு := 800;
தொகை := 300;
இருப்பு := இருப்பு - தொகை;
இருப்பு = 0 எனின் கணக்கை முடித்திடுக;

முதல் மூன்று வரிகளும் ஏவல்கள். மூன்றாம் வரியின் முடிவில் இருப்பு 500 ஆகின்றது. நான்காம் வரியில் உள்ளது வினா. இருப்புச் சுழி அன்று; ஆதலால் கணக்கு முடிக்கப்படுவதில்லை. நான்காம் வரியில் ஒருவர் மறந்து முக்காற்புள்ளி இட்டுவிட்டால் என் ஆகும்? அம்மொழி அந்நிரலை ஏற்காது. பிழையென்று கூறித் திருப்பிவிடும். முதல் வரியில் முக்காற்புள்ளியை விட்டுவிட்டாலும் அவ்வாறே திருப்பும். வினாவின் இடத்தில் ஏவலையும், ஏவலின் இடத்தில் வினாவையும் அது பொறுப்பதில்லை. கண்டிப்புடைய ஆசிரியர் போன்றது அம்மொழி. அக்கண்டிப்பினால் வங்கியில் ஒருவரது 500 ரூபாய் பிழைக்கின்றது.

போஸ்ட்கிரெசின் மொழி சற்று நெகிழ்ச்சியுடையது. அதில் மதிப்பிருத்தலுக்கு முக்காற்புள்ளியோடு எழுதலாம். தனிச் சமக்குறியாலும் எழுதலாம். ஆகவே அங்கே பின்வருமாறும் ஒரு வரி அமையும்:

முழுமை = மதிப்பெண் = 100;

இதிலுள்ள இரு சமக்குறிகளுக்கும் பொருள் ஒன்று அன்று. முதலாவது ஏவல், இரண்டாவது வினா. ‘மதிப்பெண் நூற்றுக்குச் சமமா என்று ஆராய்ந்து, ஆம் அல்லது அன்று என்னும் விடையை முழுமை என்னும் மாறியில் இடுக’ என்பது பொருள். கணிப்பொறி இதில் மயங்குவதில்லை. அது இடம் நோக்கித் துணியும். மயங்குவோர் மாந்தரே. இதனையே,

முழுமை := (மதிப்பெண் = 100);

என்று எழுதினால் எவரும் ஒரே பார்வையிற் பொருள் உணர்வர். புள்ளியில்லா ஏட்டுக்கும் புள்ளியிட்ட அச்சு நூலுக்கும் உள்ள வேறுபாடு இவ்விரு வரிகளுக்கும் உண்டு.

எஸ்க்யூஎல் மொழியிலோ இடமே பொருளை உணர்த்துகின்றது. அட்டவணையைத் திருத்தும் கட்டளையில் ‘இடுக’ என்னும் பொருளுடைய ‘செட்’ என்ற சொல்லுக்குப் பின் வரும் சமக்குறி ஏவல். ‘எங்கே’ என்னும் பொருளுடைய ‘வேர்’ என்ற சொல்லுக்குப் பின் வரும் சமக்குறி வினா. ஒரே கட்டளையில் இரண்டும் அருகருகே நிற்கும். இதனால் விளைந்த பிழையொன்றை என் மகள் எனக்குக் காட்டினாள். மாணவன் ஒருவனுக்கு மதிப்பெண் 72 என்றும், வகுப்பு 10 என்றும் பதிய விரும்பிய ஒருவர் இவ்விரண்டையும் காற்புள்ளியாற் பிரிக்க வேண்டும். அவரோ, ‘மதிப்பெண் = 72 மற்றும் வகுப்பு = 10’ என்று ‘மற்றும்’ என்ற சொல்லை இடையில் இட்டுவிட்டார். நம் காதுக்கு இது பிழையாகத் தோன்றவில்லை. ஆனால் ‘மைஎஸ்க்யூஎல்’ என்னும் தரவுத்தளம் இதனை எவ்வாறு கொள்ளும்? முதற் சமக்குறியை மட்டும் ஏவலாகவும், இரண்டாவதை வினாவாகவும் கொள்ளும். ‘72 என்பது சுழி அல்லாததும், வகுப்பு 10 ஆவதும் ஆகிய இரண்டும் உண்மையா?’ என்று ஆராய்ந்து, உண்மையாயின் 1 என்றும், இன்றேல் 0 என்றும் மதிப்பெண்ணாகப் பதிந்துவிடும். எழுபத்திரண்டு பெற்ற மாணவன் ஏட்டில் ஒன்றோ சுழியோ பெற்று நிற்பான். வகுப்பும் மாறாது, பிழையென்ற அறிவிப்பும் வாராது. உழைத்துப் படித்த ஒருவனது உழைப்பு ஒரு சொல்லால் மறைந்துவிடும் அன்றோ?

இன்னும் ஒன்று உளது. தரவுத்தளத்தில் மதிப்பு யாதும் இல்லாத நிலையைக் குறிக்க ‘நல்’ என்னும் ஆங்கிலச் சொல் வழங்குகின்றது. அதனை நாம் ‘இன்மை’ என்போம். இன்மை சுழி அன்று. பையில் காசு இல்லை என்று அறிவது சுழி. பையில் என்ன இருக்கின்றது என்றே அறியாதது இன்மை. ஒரு மாறியில் இன்மையை இடலாம். அதில் தடை இல்லை. ஆனால் ‘வருமானம் = இன்மை’ என்று வினவினால் ‘ஆம்’ என்ற விடையும் வாராது; ‘அன்று’ என்ற விடையும் வாராது; ‘அறியோம்’ என்பதே விடை. அறியாத ஒன்றை அறியாத மற்றொன்றோடு ஒப்பிட்டுச் சமம் என்று எவ்வாறு கூறுவது? ஆகவே இன்மையை ஆராயச் சமக்குறி பயன்படாது. ‘இன்மை ஆகுமா’ என்னும் பொருளுடைய ‘இஸ் நல்’ என்ற தனித்தொடரால் வினவுதல் வேண்டும். முதலில் யாதும் இடப்பெறாத மாறி இன்மையாகவே இருக்கும். அதனோடு ஒன்று கூட்டினாலும் நூறு கூட்டினாலும் இன்மையே விளையும். கலத்தில் முதலில் ஏதேனும் இட்டுவைத்த பின்னரே கூட்டத் தொடங்குதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

மாணவர்களே! இத்துணையும் கூறியதன் கருத்து யாது? நிரல் எழுதுபவர் கணிப்பொறி ஒன்றற்கே எழுதவில்லை. நாளை அதனைப் படித்துத் திருத்தப்போகும் மற்றொருவருக்கும் எழுதுகின்றார். கணிப்பொறி இடம் நோக்கிப் பொருள் கொள்ளும். மாந்தர் களைத்திருக்கும் வேளையில் கண்ணில் பட்டவாறு பொருள் கொள்வர். ஆதலால் இருவழியும் ஏற்கப்படும் இடத்தில் தெளிவான வழியையே தேர்க. ஒவ்வொரு சமக்குறியையும் கண்டபோது, ‘இது ஏவலோ, வினாவோ?’ என்று உங்களையே கேட்டுக்கொள்க. ஏவலாயின், எக்கலத்தின் பழைய மதிப்பு அழிகின்றது என்று காண்க. வினாவாயின், இரு தட்டிலும் உண்மையில் பொருள் உளதா என்று காண்க. ஒரு புள்ளி இடுவதற்குச் சோம்பாதவன் எழுத்தில் எரியும் ஏரியும் மயங்குவதில்லை.

அருஞ்சொற்பொருள்

ஈண்டு – இவ்விடத்து. துலாக்கோல் – தராசு. முக்காற்புள்ளி – ஒன்றன்மேல் ஒன்றாய் நிற்கும் இரு புள்ளிகள். நல்லூழ் – நற்பேறு. ஊறு – கேடு. சுழி – பூச்சியம். துணிதல் – முடிவு செய்தல்.

பயிற்சி

1. மதிப்பிருத்தலுக்கும் ஒப்பிடுதலுக்கும் உள்ள வேறுபாடுகளைக் கலம், துலாக்கோல் ஆகியவற்றின் வாயிலாக விளக்குக.
2. ‘எண் = எண் + 1’ என்பது கணிதத்தில் பொய்யாகவும் நிரலில் பொருளுடையதாகவும் இருப்பது எவ்வாறு?
3. 2003ஆம் ஆண்டு நிகழ்ச்சியில் ஒரு கோடு குறைந்ததனால் வினா எவ்வாறு ஏவலாயிற்று?
4. சுழிக்கும் இன்மைக்கும் உள்ள வேறுபாட்டை உம் சொந்த எடுத்துக்காட்டால் விளக்குக.
5. ஒரு குறி மாறினாற் பொருள் மாறும் தமிழ்ச் சொல் இணைகள் ஐந்தினை எழுதுக.